ஊட்டிக் குளிரில் ஸ்ஃபிங்ஸ் பூனை

ஊட்டியில் ரோமமில்லாத ஸ்ஃபிங்ஸ் பூனை வளர்க்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒன்று இருப்பதால் சொல்கிறேன்: வளர்க்கலாம், ஆனால் வேலை அதிகம்.

1966இல் கனடாவின் டொரான்டோவில் ரோமமில்லாத குட்டி ஒன்று பிறந்ததில் தொடங்கியது இந்த இனத்தின் கதை. இயற்கையாக வந்த மரபணு மாற்றம்தான். தொட்டுப் பார்த்தால் பீச் பழத்தோல் போல மெல்லிய பூனைமயிர் தட்டுப்படும், நல்ல கதகதப்பாகவும் இருக்கும். அந்தச் சூட்டைக் காப்பாற்றத்தான் மற்ற பூனைகளைவிட அதிகமாகச் சாப்பிடுகிறது.

தோலில் ஊறும் எண்ணெயை வாங்கிக்கொள்ள ரோமம் இல்லை. போர்வையெல்லாம் கறையாகும். அதனால் வாராவாரம் வெதுவெதுப்பான நீரில் குளியல், காது அழுக்கு, நக இடுக்கு எல்லாம் துடைக்க வேண்டும். குளித்ததும் ஈரம் போக உடனே துவட்டிவிடுங்கள், இங்கே குளிர் பொல்லாதது.

டிசம்பர், ஜனவரி உறைபனிக்குப் பருத்திச் சட்டை அவசியம். அப்புறம் ஹீட்டர்! ஒட்டிப் படுத்து தோலைச் சுட்டுக்கொள்ளும், தடுப்பு வையுங்கள். மலை வெயிலும் இதமாகத் தெரிந்தாலும் தோலைப் புண்ணாக்கும்.

ரோமம் இல்லையென்றால் அலர்ஜி வராது என்று நம்பி வாங்காதீர்கள். அலர்ஜி தரும் புரதம் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது. இந்த இனத்துக்கு இதயத் தசை தடிக்கும் நோயும் வரும். வாங்கும் முன் தாய், தந்தைப் பூனைகளின் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைக் கட்டாயம் கேளுங்கள்.