வலிக்காத கறுப்புப் புண்: அடைப்பான் மனிதருக்கு வந்தால்

செத்த மாட்டைத் தோலுரித்த கையில், மூன்று நான்கு நாள் கழித்துக் கொசு கடித்தது போல ஒரு தடிப்பு வரும். அரிக்கும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அது நீர் கோத்துக் கொப்புளமாகும்; சுற்றிலும் பொடிப்பொடியாக இன்னும் சில கொப்புளங்கள் வளையம் கட்டும். பிறகு நடுவில் குழிவிழுந்து, கரியை அப்பியது போல ஒரு கறுத்த பொருக்கு உட்காரும். அதற்குள் முழங்கை வரை வீங்கியிருக்கும், அக்குளில் நெறி கட்டியிருக்கும். கண்ணிமையில் தொடங்கினால் பாதி முகம் வீங்கிக் கண் திறக்காது.

இவ்வளவுக்கும் அந்தப் புண் வலிக்காது. சீழும் வராது. சாதாரணக் கட்டியாக இருந்தால் விண்ணென்று தெறிக்கும், தூங்கவிடாது. இது வலிக்காததால்தான் பலர் மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். வலிக்காத கறுப்புப் பொருக்கும் அளவுக்கு மீறிய வீக்கமும் சேர்ந்து வந்தால், அதுவே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறி.

இந்த நோயின் ஆங்கிலப் பெயர் ஆந்த்ராக்ஸ்; கிரேக்க மொழியில் அதற்குக் கரி என்று பொருள். நம் பக்கம் மாடு வளர்ப்பவர்கள் இதை அடைப்பான் என்பார்கள். தொண்டை அடைப்பான் என்பது வேறு நோய், வேறு கிருமி. மருத்துவரிடம் சொல்லும்போது இந்தக் குழப்பம் வேண்டாம்: மாடோ ஆடோ திடீரென்று செத்ததா, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடிந்ததா, அதைத் தொட்டீர்களா, தின்றீர்களா என்பதைச் சொன்னால் போதும்.

சீழ் ஏன் வரவில்லை என்பதில்தான் இந்த நோயின் மொத்தக் கதையும் இருக்கிறது. பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்ற கிருமி மூன்று புரதங்களை வெளியே விடுகிறது. முதல் புரதம் நம் செல்லின் மேல் போய் ஒட்டும். அங்கே அதன் ஒரு துண்டு வெட்டுப்பட்டு விழ, மிச்சம் ஏழு ஏழாகச் சேர்ந்து வளையமாகும். அந்த வளையம்தான் மற்ற இரண்டுக்கும் வாசல். ஒன்று உள்ளே நுழைந்து செல்லின் நீர்க்கட்டுப்பாட்டைக் குலைக்கும். வீக்கம் அதனால் வருகிறது. இன்னொன்று செல்லுக்குள் செய்தி கடத்தும் நொதிகளை நறுக்கிப்போடும். சீழாகத் திரள வேண்டிய வெள்ளையணுக்கள் இந்த இரண்டாலும் செயலிழந்துபோகின்றன. கிருமியைச் சுற்றி வழவழப்பான உறை வேறு இருப்பதால், தப்பிப் பிழைத்த வெள்ளையணுவாலும் அதை எளிதில் விழுங்க முடிவதில்லை.

ஆக, உடம்பில் இரண்டு எதிரிகள்: கிருமி ஒன்று, அது விட்ட நஞ்சு ஒன்று. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே செல்லுக்குள் போன நஞ்சை ஒன்றும் செய்யாது. மருந்து தொடங்கிய பிறகும் ஓரிரு நாள் வீக்கம் ஏறலாம், புண் வழக்கம்போலக் கறுத்துப் பொருக்குத் தட்டும். மருந்து கேட்கவில்லை என்று நினைத்துப் பாதியில் நிறுத்துவதும், கீறிவிடச் சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கின்றன. கீறக் கூடாது. உள்ளே எடுக்கச் சீழ் இல்லை. கிருமியைப் பரப்புவதுதான் மிச்சம். பொருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து தானே உதிரும்.

தோலோடு நின்ற நோய்க்குப் பெரியவர்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் அல்லது டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, 7 முதல் 10 நாள். கிருமி பென்சிலினுக்குக் கட்டுப்படுகிறது என்று ஆய்வகம் சொன்னால் அமாக்சிசிலினும் ஆகும். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருந்தையும் அளவையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் மாத்திரைக்கு முன்பே கொப்புள நீரையோ பொருக்கின் ஓரத்தைத் தூக்கி அடியிலிருந்தோ பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துவிட வேண்டும். மருந்து உள்ளே போய் ஒரு நாள் ஆனாலே கிருமி வளராமல் போகலாம். இந்தச் சிகிச்சையில் இறப்பு 100க்கு 1க்கும் கீழே. சும்மா விட்டால் 10 முதல் 20 வரை.

காய்ச்சல் என்றதும் கை போகும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி இங்கே உதவாது. அது சேர்ந்த செஃபலோஸ்போரின் வகைக்கே இந்தக் கிருமி இயல்பிலேயே அடங்காது. ஊசி போட்டாகிவிட்டது என்ற நிம்மதியில் இரண்டு நாள் போனால், கிருமி ரத்தத்தில் ஏறிவிடும்.

ஏறினால் மூளைக்கும் போகும். தண்டுவட நீரை எடுத்தால் ரத்தம் கலந்து வரும். அந்த நிலையில் சிகிச்சை கொடுத்தும் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. அதனால் கழுத்து, முகம் பெரிதாக வீங்கினாலோ, காய்ச்சலோடு தலைவலி, குழப்பம் வந்தாலோ மாத்திரையோடு நிற்காமல் படுக்கையில் சேர்த்து நரம்பு வழி மருந்து தொடங்குவார்கள்: சிப்ரோஃப்ளாக்சசின் 400 மில்லிகிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, மெரோபெனம் 2 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடவே லினசோலிட் 600 மில்லிகிராம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. மூன்றாவது மருந்து எதற்கு என்றால், அது கிருமியின் புரதத் தயாரிப்பையே நிறுத்தும், நஞ்சும் புரதம்தானே. ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றும் நஞ்சுக்கு ராக்சிபாகுமாப், ஒபில்டாக்சாக்சிமாப் என்ற எதிர்ப்பு மருந்துகள் உண்டு. செல்லின் மேல் வாசல் அமையாமல் தடுக்கும் வேலை அவற்றுடையது. வாசல் அமைந்து நஞ்சு நுழைந்த பிறகு பயனில்லை என்பதால் சீக்கிரம் போட வேண்டும்.

நுரையீரல் வழி வருவது அரிது, கொடியது. மூச்சில் போன வித்துகளை (கிருமி கெட்டி ஓடு கட்டிக்கொண்டு உறங்கும் நிலைதான் வித்து) வெள்ளையணுக்களே சுமந்துபோய் நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களில் இறக்கிவைக்கின்றன. முதலில் சளிக்காய்ச்சல் போலத்தான் இருக்கும், ஆனால் மூக்கு ஒழுகுவதில்லை. எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுப்பகுதி அகன்று தெரியும், நுரையீரலைச் சுற்றி ரத்தநீர் சேரும். அந்த நீரை வடித்தால் அதிலுள்ள நஞ்சும் போகும். 2001இல் அமெரிக்காவில் தபால் உறையில் வந்த வித்துப் பொடியால் 22 பேருக்கு நோய் வந்தது. நுரையீரலில் வந்த 11 பேரில் 5 பேர் இறந்தார்கள், தோலில் வந்த 11 பேரும் பிழைத்தார்கள். 1979இல் சோவியத் நாட்டின் ஸ்வெர்ட்லாவ்ஸ்கில் ராணுவக் கூடத்திலிருந்து வித்து கசிந்தபோது குறைந்தது 66 பேர் மாண்டார்கள். சிலருக்கு ஆறு வாரம் கழித்துத்தான் நோய் தெரிந்தது. உறங்கும் வித்தை ஆன்டிபயாடிக் கொல்லாது. பொடியைச் சுவாசித்தவர்களுக்கு 60 நாள் மாத்திரை கொடுப்பது அதனால்தான்.

நம் நாட்டில் அடிக்கடி கேள்விப்படுவது கறி வழி. ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் இது திரும்பத் திரும்ப வருகிறது: செத்த மாட்டை அறுத்துப் பங்கு போட்டவர்கள் கையில் புண், சரியாக வேகாமல் தின்றவர்களுக்கு வாந்தி, ரத்தபேதி, வயிற்றில் நீர். உப்புக்கண்டம் போட்டாலும் வெயிலில் காய்ந்தாலும் வித்து சாகாது. வறுமையில் இருப்பவரிடம் மாட்டைப் புதைத்துவிடு என்று சொல்வது சுலபம். இழப்பீடும் கூடவே வந்தால்தான் அந்தச் சொல் எடுபடும். தின்றுவிட்டவர் மறைக்காமல் சொன்னால், நோய் வருமுன்பே மாத்திரை தொடங்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கு இருமலால் இது ஒட்டாது. ஒதுக்கிவைக்கத் தேவையில்லை, புண்ணை மூடிக் கட்டினால் போதும்.

சந்தேகமான உடலை அறுக்கவே கூடாது. மூடிய உடலுக்குள் கிருமி அழுகலோடு அழிந்துபோகும்; அறுத்தால் காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். கால்நடை மருத்துவர் காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நோய் வந்த ஊரின் மாடுகளுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி உண்டு. ராணிப்பேட்டையிலுள்ள கால்நடைத் தடுப்பு மருந்து நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. அதில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைத்த வித்து. ஊசி போட்ட நாளிலேயே வேறு காரணத்துக்காகப் பென்சிலினும் குத்தினால் அந்த வித்தும் முளைக்கும்போதே செத்துவிடும், மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி வராது. ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கும் மாடு என்றால், ஊசி போட வருபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.