வெறும் லெட்டர்தான்

2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்தபோது, போஸ்டாபீசில் என்னோடு வேலை பார்த்த நண்பர் போன் செய்து, "நம்ம ரிஜிஸ்டர் போச்சுப்பா" என்றார். அவர் பழைய கதைகளையெல்லாம் பேசிக்கொண்டே போனார். எனக்கு ஒரு கவர்தான் ஞாபகத்தில் நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

காக்கிக் கவர். ஓரமெல்லாம் சோற்றுப் பசை. வாங்கியதுமே என் கட்டைவிரல் நடுவில் நின்றுவிட்டது. கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்தவனுக்கு நோட்டுப் புத்தகத் தாள் எது, ரூபாய் நோட்டு எது என்று விரலே சொல்லிவிடும். தாளுக்குள் மடித்து வைத்தாலும் நோட்டுக்கு ஒரு விறைப்பு உண்டு. தராசும் ஒரு கடிதத்துக்கு அதிகமான எடையைக் காட்டியது.

"உள்ளே என்னங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"வெறும் லெட்டருதானுங்க சார்" என்றார் அந்தத் தறிக்காரர்.

சரி என்று எண் ஒட்டி, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். பின்னால் வரிசை நின்றது. தபால் பை கட்டும் நேரம் வேறு.

அப்போதெல்லாம் நோட்டு அனுப்புவதென்றால் இன்ஷ்யூர் செய்துதான் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மடிப்பிலும் அரக்கு வைத்து, அனுப்புகிறவரின் சொந்த முத்திரையைப் பதிக்க வேண்டும். காசை அழுத்திய முத்திரை செல்லாது. கவர் மேலேயே எடையைக் கிராம் கணக்கில் எழுதுவோம். கை மாறும் இடத்திலெல்லாம் அரக்கையும் எடையையும் பார்த்துத்தான் வாங்குவார்கள். பதிவுத் தபாலில் எண்ணுக்குக் கணக்கு இருந்தது, உள்ளே இருப்பதற்கு இல்லை. இவ்வளவையும் நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு மணியார்டர் பாரத்தையாவது எடுத்து நீட்டியிருக்கலாம்.

ஆனால் அப்போது மணியார்டருக்கு இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். இரண்டாயிரத்துக்கு நூறு ரூபாய் ஆகும். ரிஜிஸ்டருக்கு முப்பதோ என்னவோதான் வாங்கினேன். தறி ஓட்டுகிறவர் அந்த எழுபது ரூபாயைக் கணக்குப் பார்த்ததில் என்ன தப்பு? மணியார்டர் போய்ச் சேர அப்போதெல்லாம் பத்து நாள் ஆவதும் உண்டு. சென்னையில் ஹாஸ்டலில் இருந்த பையனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்ததாம். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

கவரைப் பிரித்துப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை. கொடுத்தவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கோயிலுக்குக் காணிக்கை என்று பத்து ரூபாய் நோட்டைச் சாதாரணக் கவரில் வைத்துப் பெட்டியில் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். எல்லாவற்றையும் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தால் தபால் நகர்ந்தேயிருக்காது. இதைத்தான் வருஷக்கணக்காக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ரசீதோடு வந்தார்.

"சார், பையனுக்குப் போய்ச் சேரலைங்க. உள்ள ரெண்டாயிரம் இருந்துதுங்க."

"லெட்டர்னுதானே சொன்னீங்க?"

"சொன்னனுங்க." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நீங்க தொட்டுப் பாத்தீங்களே சார்."

குரலில் கோபமே இல்லை. வாங்கி ஏமாந்த கத்தரிக்காயைப் பற்றிப் பேசுகிற மாதிரிச் சொன்னார். நான் புகார்ப் பாரத்தை எடுத்துக் கொடுத்தேன். எழுதிக்கொண்டே வந்தவர், உள்ளே இருந்தது என்ன என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"பணம்னு எழுதிரட்டுங்களா?"

"வேண்டாங்க. லெட்டர்னே எழுதுங்க. பணம்னு எழுதினா விதியை மீறினது நீங்கன்னு ஆயிடும். வர்றதும் வராது."

அவர் அப்படியே எழுதினார்.

நான் சொன்னது பொய் இல்லை. அப்போது பதிவுத் தபால் தொலைந்தால் உள்ளே எது இருந்தாலும் அதிகபட்சம் நூறு ரூபாய்தான். 1898-ஆம் வருஷ அஞ்சல் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, தொலைந்ததற்கும் தாமதத்துக்கும் இலாகா பொறுப்பில்லை என்று கையைக் கழுவிவிட்டது. தானாக ஏற்றுக்கொண்டதற்கு மட்டும்தான் பொறுப்பு. ஊழியனும் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தால் ஒழிய மாட்டமாட்டான். 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். அந்த "வேண்டுமென்றே" என்ற வார்த்தையைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். என் விரல் நின்றது எந்தக் கணக்கில் வரும்?

பணம் என்று அவர் எழுதியிருந்தால் முதல் கேள்வி, புக் செய்தவன் யார் என்பதாகத்தான் இருந்திருக்கும். ரசீதில் என் கையெழுத்து. அவருக்காகச் சொன்னேனா, எனக்காகவா? அந்த நிமிஷம் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. ஆனால் காணாமல் போன ஒரு லெட்டரைத் தேடுகிற விதமும் காணாமல் போன இரண்டாயிரத்தைத் தேடுகிற விதமும் ஒன்றாக இருந்திருக்காது. எங்கள் பட்டியலில் எண் இருந்தது. தபாலைப் பிரித்து ரயிலில் அனுப்புகிற ஆர்.எம்.எஸ். வரைக்கும் போனது தெரிந்தது. அதற்கு மேல், வந்தது என்று ஒரு பதில், வரவில்லை என்று ஒரு பதில். காகிதம் மாசக்கணக்கில் சுற்றி, கடைசியில் நூறு ரூபாய் சாங்ஷன் ஆனது.

கவுண்டரில் நான்தான் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டவர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்குங்க சார்?"

"லெட்டருக்கு."

"லெட்டருக்குங்களா" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் மாசாமாசம் மணியார்டர்தான். கமிஷனைத் தனியாக எண்ணி முன்னால் வைப்பார். நானே பாரத்தை எழுதிக் கொடுத்தேன் சில தடவை. அந்தக் கவரைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அவன் பொய் சொன்னான், நீ கேட்ட கேள்வியைக் கேட்டுட்டே. இதுல உனக்கென்ன?" என்றார். கேட்டேன் என்றுதான் மேலே நானும் எழுதியிருக்கிறேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். ஆனால் எழுதும்போது அந்தக் கவுண்டரை மறுபடி நினைத்துப் பார்த்தால், என் குரல் எங்கேயும் கேட்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்றதும் அவராகவே சொன்னார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் முத்திரையை எடுத்தேன்.