பாதி மூழ்கிய சக்கரம்

ஆகஸ்ட் மாதத்தில் ஜப்பானின் கனாசவா நகரம், மழைக்கு முந்தைய நம் ஊர்ப் புழுக்கம் மாதிரியே இருக்கும். அன்று தேநீர் வகுப்பில் சென்செய், அதாவது என் ஆசிரியர், தண்ணீர்ச் சாடிக்கு மூடி போடவில்லை. பெரிய பச்சை இலை ஒன்றை மேலே வைத்து, அதில் இரண்டு சொட்டு நீரும் தெளித்திருந்தார். பக்கத்தில் தேநீர்த் தூள் வைக்கும் தட்டையான கறுப்பு டப்பா. மூடியில் பொன்னால் வரைந்த அலைகள், அலைகளுக்குள் பாதி முங்கிய வண்டிச் சக்கரங்கள்.

தேநீர் குடித்து முடித்ததும் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்ப்பது விருந்தாளியின் கடமை. முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, பாய்க்கு ஒரு சாண் உயரத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். கை தவறினாலும் உடையாது. பிறகு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த கேள்விகள்: என்ன வடிவம்? யார் பூசியது? அன்று அவற்றோடு நானாக ஒன்றைச் சேர்த்துக் கேட்டுவிட்டேன். "சென்செய், ஏன் உடைந்த சக்கரத்தை வரைந்திருக்கிறார்கள்?"

அவர் சிரிக்கவில்லை. "உடையவில்லை, நனைகிறது" என்றார்.

பழைய கியோத்தோவில் பிரபுக்கள் மாட்டு வண்டியில் போவார்கள். மரச்சக்கரம் வெயிலில் காய்ந்தால் வெடிக்கும் என்று, கழற்றிக் கொண்டுபோய்க் காமோ ஆற்றில் போட்டு ஊற வைப்பார்களாம். ஓடும் தண்ணீரில் பாதி தெரியும் சக்கரங்கள். அதைத்தான் வரைந்திருக்கிறார்கள். வெயில் காலத்து விருந்தாளிக்குக் கண்ணாலேயே குளிர்ச்சி கொடுக்கும் படம்.

எனக்குத் தொண்டை அடைத்தது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில், சித்திரை வெயிலில் வட்டை சுருங்கி இரும்புப் பட்டா ஆட ஆரம்பித்தால், தாத்தா வண்டியைக் குளத்தில் முழங்கால் தண்ணீருக்கு இறக்கி நிறுத்திவிடுவார். நாங்கள் ஆரக்காலைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகினோம். அன்று இரவு அந்த மூடியின் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "ஏம்மா, வண்டிய குளத்துல விட்டிருக்காங்க, அதானே?" சென்செய் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, டோக்கியோ உஎனோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இதே சக்கரங்களை இன்னொரு பெட்டியில் பார்த்தேன். 12ஆம் நூற்றாண்டில் செய்த அலங்காரப் பெட்டி, இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று. பொன்துகளும் சிப்பியும் பதித்த சக்கரங்கள், ஓடும் நீரில். என் சென்செய் வீட்டு டப்பாவுக்கு அது பாட்டிக்குப் பாட்டி. கண்ணாடிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

சரி, இந்த டப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் நட்சுமே. ஜப்பானியத்தில் அது ஒரு பழத்தின் பெயர், நம் இலந்தையின் சொந்தக்காரப் பழம். அதன் உருவத்தில் இருப்பதால் டப்பாவுக்கும் அதே பெயர். உள்ளங்கையில் அடங்கும், நடுத்தர அளவு என்றால் உயரமும் அகலமும் 7 சென்டிமீட்டருக்குள்தான். இதில் மாட்சா எனும் பச்சைத் தேயிலைத் தூளைச் சலித்து, சின்ன மலை மாதிரி குவித்து வைப்பார்கள். இலேசான தேநீருக்கு இது. கெட்டியான தேநீருக்கான தூள் பீங்கான் குப்பியில் இருக்கும். மரக்குடுவை, மேலே உருஷிப் பூச்சு.

உருஷியை அரக்கு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அரக்கு பூச்சியிடமிருந்து வருகிறது, உருஷி மரத்துப் பால். இவாத்தே மாகாணத்து ஜோபோஜி பக்கத்தில் 10, 15 வருடம் வளர்ந்த மரத்தைக் கோடை முழுவதும் கீறிக் கீறிப் பால் எடுப்பார்கள். ஒரு பருவத்துக்கு ஒரு மரம் தருவது சுமார் 200 கிராம். அத்தோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். அடியிலிருந்து புதுத் தளிர் வரும். அந்தப் பால் கையில் பட்டால் தோல் தடித்துப் புண்ணாகும். நமக்கு இது புதிதில்லை. மாங்காய்க் காம்புப் பால் உதட்டில் பட்ட எரிச்சலும், சேங்கொட்டைக் கொப்புளமும் தெரியாதவர் யார்? மா, முந்திரி, சேங்கொட்டை, உருஷி நாலும் ஒரே குடும்பத்து மரங்கள்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் இன்னொன்று. உருஷி வெயிலில் காய்வதில்லை, ஈரக்காற்றில்தான் இறுகுகிறது. பூசிய பொருளை ஈரம் ஏற்றிய மர அலமாரிக்குள் வைத்து மூடுகிறார்கள். "சோற்று மூட்டையை மறந்தாலும் குடையை மறக்காதே" என்று பழமொழி வைத்திருக்கும் ஊர் இது. வந்த புதிதில் துணி காயாமல் நான் அழுதிருக்கிறேன். அந்த ஈரத்தில்தான் பக்கத்துத் தெருவில் ஒருவர் பூச்சை இறுக வைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போது தெரியாது.

கடைசலுக்கு யாமானகா, பூச்சுக்கு வாஜிமா, மாகியே ஓவியத்துக்குக் கனாசவா என்று இந்த இஷிகாவா மாகாணத்தில் சொல்வார்கள். யாமானகாவில் மரம் நின்ற வாக்கிலேயே, நார் மேல்நோக்கி இருக்கும்படி துண்டு போட்டுக் கடைகிறார்கள்; வருடங்கள் போனாலும் வாய் கோணுவது குறைவு. நல்ல நட்சுமேயின் மூடியை விளிம்பில் வைத்துக் கையை எடுத்தால், உள்ளே இருக்கும் காற்றை மெல்ல வெளியேற்றியபடி தானாக இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்ப்பதற்காகவே நான் இரண்டு தரம் மூடுவேன்.

மாகியே என்றால் தூவிய ஓவியம். ஒரு பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எலி மயிரில் கட்டிய நீண்ட தூரிகையால் உருஷியிலேயே கோடு இழுக்கிறார். அது ஈரமாக இருக்கும்போதே, முனையில் மெல்லிய பட்டுவலை கட்டிய சிறு குழாயில் பொன்துகளை எடுத்து, ஆள்காட்டி விரலால் தட்டித் தட்டித் தூவுகிறார். பொன் கோட்டில் மட்டும் ஒட்டுகிறது. பிறகு ஈர அலமாரி, மேலே ஒரு பூச்சு, கரித்துண்டால் தேய்ப்பு, கடைசியில் விரல் நுனியாலேயே மெருகு. பொன் முதலில் மஞ்சள் மாவு போலத்தான் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்கத்தான் பளபளப்பு வருகிறது. நான் இருந்த மூன்று மணி நேரத்தில் அவர் முடித்தது புல்லின் நாலு இதழ்.

படங்களில் எனக்கு உயிர் சிதோரிதான். அலைமேல் பறக்கும் குட்டிக் கடற்கரைப் பறவை. நட்சுமேயில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். அழகுக்காக என்று நினைத்திருந்தேன். அது "யாச்சியோ" என்று கூவுவதாகப் பழைய ஜப்பானியப் பாட்டு ஒன்று சொல்கிறது. யாச்சியோ என்றால் எண்ணாயிரம் தலைமுறை. அக்காக்குருவி "அக்கா, அக்கா" என்று கூப்பிடுகிறது என்று நாம் சொல்வதில்லையா, அதேபோல் அவர்கள் இந்தப் பறவையின் குரலில் ஒரு வாழ்த்தைக் கேட்டிருக்கிறார்கள். ஆக, டப்பாவின் மேல் அலையும் பறவையும் மட்டும் இருக்கும். "நீ நெடுங்காலம் வாழ்க" என்பது விருந்தாளியின் காதில் ஒலிக்க வேண்டும். கொக்கு ஆயிரம் வருடம், ஆமை பத்தாயிரம் வருடம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த மங்கலச் சின்னங்கள். கல்யாணத் தாம்பாளத்திலும் அவை உண்டு. அவற்றில் எனக்கு அவ்வளவு மனம் போவதில்லை.

படத்துக்குப் பருவமும் உண்டு. என் மூன்றாம் வருடம், நவம்பர் கடைசி. வாசல் மேப்பிள் மரம் முழுக்கச் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பொருத்தம் என்று நினைத்து, மேப்பிள் இலை போட்ட நட்சுமேயை அலமாரியிலிருந்து எடுத்து வைத்தேன். சென்செய் ஒன்றும் சொல்லாமல் சன்னல் கதவைக் கொஞ்சம் திறந்தார். தோட்டம் முழுவதும் சிவப்பு. அதற்கு முன்னால் என் டப்பாவின் இலைகள் வெளிறிப்போய்த் தெரிந்தன. பருவம் வரப்போகிறது என்று சொல்லத்தான் படம். வந்துவிட்ட பிறகு அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. நானே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

யோசாகுரா என்று ஒன்று இருக்கிறது, இரவுச் செர்ரிப்பூ. கறுப்புப் பூச்சின் மேல் கறுப்பு உருஷியாலேயே பூ வரைந்திருப்பார்கள். நேராகப் பார்த்தால் வெறும் கறுப்பு. கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்க்கும்போது மட்டும் பூக்கள் தோன்றி மறையும். எடுத்துப் பார்ப்பது ஏன் விருந்தாளியின் கடமை என்று இதைக் கையில் வைத்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம், படமே இல்லாத நட்சுமே. தேநீர் மரபின் பெரிய ஆசான் சென் நோ ரிக்யூ (1522-1591) விரும்பியது அதைத்தான். அவருடைய எஜமானர், அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி, பொன்னாலேயே தேநீர் அறை கட்டியவர். ஹிதேயோஷியின் விதவை 1606இல் கியோத்தோவில் எழுப்பிய கோதாய்ஜி கோயிலில், அவர்களின் நினைவு மண்டபத்து மரப்படிகள்கூட மாகியே வேலைப்பாடுதான். அந்தப் பொன்னுக்கு நடுவில் ரிக்யூ வெறும் கறுப்பை எடுத்து வைத்தார். உண்மையைச் சொன்னால், பல வருடம் எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு கைவேலையைத் தெரிந்துகொண்டு கறுப்பு டப்பாவை ஏன் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

2024 ஜனவரி 1, மாலை 4.10. வீடு ஆட ஆரம்பித்ததும் மகளை இழுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போனேன். ஆட்டம் நிற்கவே இல்லை. எங்களுக்குச் சேதம் தட்டு, கிண்ணங்களோடு போயிற்று. நோட்டோ தீபகற்பத்தின் வடகரையில் இருக்கும் வாஜிமாவில், காலைச் சந்தைத் தெரு இரவு முழுவதும் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பூச்சுப் பட்டறைகள் பல இடிந்தும் எரிந்தும் போயின. துணி ஒட்டி, சுட்ட மண்தூள் கலந்த உருஷியை அடுக்கடுக்காகப் பூசி, ஒரு கிண்ணத்துக்கு நூறு படிக்கு மேல் வேலை செய்கிற ஊர் அது.

புத்தாண்டின் முதல் தேநீருக்கு ஒவ்வொரு வருடமும் சென்செய் வைப்பது பைன், மூங்கில், பிளம் மூன்றும் பொன்னில் இருக்கும் நட்சுமே. அந்த வருடம் நாங்கள் ஐந்து பேர் மட்டும் போனோம். பாயின் மேல் வெறும் கறுப்பு நட்சுமே இருந்தது. மூடியைத் திறந்தபோது உள்ளே தூளின் பச்சை மலை.

முறைப்படி முதல் விருந்தாளி நான். முழங்கைகளை ஊன்றி, கையில் எடுத்துச் சாய்த்தேன். என் முகம் தெரிந்தது, சன்னல் தெரிந்தது, சன்னலில் பனி தெரிந்தது. வைத்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன வடிவம்?"

"ரிக்யூ வடிவம்."

"பூச்சு எந்த ஊர்?"

சென்செய் இரண்டு கைகளையும் பாயில் வைத்துக் குனிந்தார். "வாஜிமா" என்றார்.