டேப்பட் சத்தம் அடங்கிய பிறகு

மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் நான் ஓட்டிச் செல்லும் 150 சிசி வண்டியில், சென்ற கோடையில் 'டிக் டிக்' என்று டேப்பட் சத்தம், அதாவது வால்வுகளைத் திறக்கும் பாகங்கள் தட்டிக்கொள்ளும் சத்தம், கேட்கத் தொடங்கியது. ஒரு பட்டறையில் காட்டினேன். இன்ஜின் சூடு ஆறுவதற்கு முன்பே திருகி, சத்தத்தை அடக்கித் தந்தார்கள். மூன்றாம் நாள், கன்னியக்கோயில் அருகே தேநீர் குடிக்க நிறுத்திய வண்டி திரும்பக் கிளம்பவில்லை. அரை மணி நேரம் ஆறிய பின்பு ஒரே உதையில் கிளம்பியது.

புகையை வெளியேற்றும் எக்சாஸ்ட் வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை அறவே இல்லாமல் செய்திருந்ததுதான் காரணம். சூட்டில் வால்வின் தண்டு நீளும். அந்த நீட்சிக்கு இடம் விடவில்லை என்றால் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது, சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம் (கம்ப்ரஷன்) கசியும். அதைவிடக் கவலைக்குரியது, வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் அந்த இருக்கை வழியாகத்தான் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பது. அங்கே அமராத வால்வின் விளிம்பு நாளடைவில் கருகிவிடும். இடைவெளி கூடினால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். குறைந்தால் சொல்லாது.

ஞாயிறு காலை, இரவு முழுவதும் ஆறிய இன்ஜினில் நானே வேலையைத் தொடங்கினேன். கையேட்டின்படி, காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் வால்வுக்கு 0.08 மி.மீ., அதிகம் சூடாகும் எக்சாஸ்ட்டுக்கு 0.12 மி.மீ. பிளக்கைக் கழற்றி, கிராங்கோடு சுழலும் மேக்னட்டில், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியைக் கோட்டுக்கு நேராக நிறுத்தினேன். இரண்டு ராக்கரும் விறைப்பாக இருந்தன. பிஸ்டனோடு இணைந்த கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ராக்கர்களை அசைக்கும் கேம் ஒரு சுற்று சுற்றும் என்பதால், அந்தக் குறி, வால்வுகள் மூடியிராத தவறான ஸ்ட்ரோக்கிலும் நேராக வந்து நிற்கும். இன்னொரு முழுச் சுற்று சுற்றியதும் இன்லெட் ராக்கர் விரலுக்கு லேசாக ஆடியது, இடைவெளியே இல்லாத எக்சாஸ்ட் மட்டும் ஆடவில்லை.

இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகட்டை இழுக்கும்போது, அடுக்கி வைத்த வாழை இலைகளுக்கு நடுவிலிருந்து ஒன்றை உருவுவது போன்ற மெல்லிய பிடிப்பு இருக்க வேண்டும். அது கிடைத்தும் வேலை முடிவதில்லை. இடைவெளியை மாற்றும் திருகைப் பூட்டும் லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து நகர்ந்து, அளவு மாறிவிடுகிறது. திருகை அசையாமல் பிடித்து இறுக்க எனக்கு மூன்று முறை ஆயிற்று.

இப்போது காலையில் சிறிது நேரம் மெல்லிய 'டிக் டிக்' கேட்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன். பட்டறையில் கொடுப்பவர்கள், இன்ஜின் நன்றாக ஆறட்டும் என்று முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். எந்த அளவு வைத்தார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.