450 மைல், 3 இரவு, 1 பாம்பு

முதலில் அந்த மோட்டலைத் திட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். அமெரிக்காவில், மேற்கு டெக்சஸின் டெர்லிங்குவா பக்கம்; பெயர் வேண்டாம். இணையத்தில் 140 டாலர் என்றான், சாவி கொடுக்கும்போது 'ரிசார்ட் கட்டணம்' என்று சேர்த்து 183 ஆக்கினான். ரிசார்ட்டாம்! ஜன்னல் ஏசி, மேடு ஏறும் லாரி மாதிரி இரைந்தது. ஷவர் தண்ணீரில் முட்டை வாடை. சான் அன்டோனியோவிலிருந்து 450 மைல் ஓட்டி வந்தவனுக்கு அந்தப் பொட்டல் காட்டில் வேறு போக்கிடம் இல்லை என்று அவனுக்கும் தெரியும். இரண்டு இரவுக்கும் காசு அழுதேன்.

போனது பாம்பு பார்க்க. நானும் கார்த்தியும். வீட்டில் 'பிக் பெண்ட் தேசியப் பூங்கா சுற்றிப் பார்க்க' என்று சொல்லியிருந்தோம், அதுவும் பொய்யில்லை.

தேடியது காப்பர்ஹெட். நம்மூர் மூங்கில் குழிவிரியனுக்குத் தூரத்துப் பங்காளி. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே சூட்டை உணரும் குழி இதற்கும் உண்டு. ஹூஸ்டன் பக்கம் தோட்டத்தில் இலை கூட்டும்போதே தட்டுப்படும் பாம்புதான். ஆனால் மேற்கு டெக்சஸில் இருப்பது தனி அழகு. பட்டைகள் அகலம், வயிற்றில் கருஞ்சிவப்பாகத் தீட்டிய மாதிரி நிறம். 1943-இல் குளோய்ட், கோனன்ட் என்ற பாம்பு ஆய்வாளர்கள் இதற்கு 'பிக்டிகாஸ்டர்', அதாவது வர்ணம் தீட்டிய வயிறு என்றே பெயர் வைத்தார்கள். 2015-இல் மரபணுவைப் பார்த்து, இது தனி வகையே இல்லை, அகலப் பட்டைக் காப்பர்ஹெட்தான் என்று சேர்த்துவிட்டார்கள். சேர்க்கட்டும். எனக்கு அந்த வயிற்றைப் பார்க்க வேண்டும்.

செலவுக் கணக்கு இங்கேயே தொடங்குகிறது. டெக்சஸில் சாலையோரம் பாம்பைப் பிடித்து உடனே விட்டாலும் அது வேட்டைதான். உரிமம் 25 டாலர், ஊர்வனவற்றுக்கான முத்திரை 10 டாலர், மேலே ஒளி பட்டால் மின்னும் சட்டை. வண்டியில் உட்கார்ந்தபடி டார்ச் அடிக்கக் கூடாது, இறங்கி நடக்க வேண்டும். நாங்கள் தொடப்போவதில்லை, படம்தான். ஆனாலும் நடுராத்திரியில் எல்லைக் காவல் வண்டி நின்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கட்டும் என்று வாங்கினோம். இரண்டாம் இரவே கேட்டார்கள். "பாம்பா?" என்று அந்த அதிகாரி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

முதல் இரண்டு இரவும் லஹீட்டஸிலிருந்து பிரசிடியோ போகும் 170-ஆம் சாலையில் ஊர்ந்தோம். இடப்பக்கம் ரியோ கிராண்டே, அக்கரை மெக்சிகோ. நடுவே 15 சதவீத ஏற்றம் ஒன்று உண்டு. கார்த்தியின் பழைய கார் அதில் முனகிய முனகலுக்கு நான் முருகனைக் கூப்பிட்டேன். மழை விட்ட செப்டம்பர், கிரியோசோட் புதர் மணம், நிலா இல்லாத இருட்டு. பாம்புக்கு இதைவிட நல்ல இரவு கிடையாது. சாலைக்காக வெட்டிய பாறைச் சுவர்களை அங்குலம் அங்குலமாக டார்ச்சால் தடவினோம். கிடைத்தது நான்கு டைமண்ட்பேக் கிலுகிலுப்பை விரியன், ஒரு கரும்வால் கிலுகிலுப்பை விரியன், எண்ணிக்கையில்லாத கங்காரு எலி. காப்பர்ஹெட் பூஜ்யம்.

தப்பு எங்களுடையதுதான். பாலைவனப் பாம்பு என்று மனதில் போட்டுக்கொண்டு பாறையில் தேடினோம். இது பாலைவனத்தில் இருக்கும் பாம்பே தவிர, பாலைவனப் பாம்பு இல்லை! இந்தக் காடு ஈரமாக இருந்த காலத்தில் பரவி, பிறகு காய்ந்தபோது ஊற்று, ஓடை, ஆற்றங்கரை நாணல் என்று ஒதுங்கிவிட்டது. உதிர்ந்த இலை வேண்டும், தண்ணீர் பக்கத்தில் வேண்டும். இதைப் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் வறண்ட பாறையைப் பார்த்ததும் புத்தி அங்கேதான் போகிறது.

மூன்றாம் நாள் மோட்டலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஆற்றோரம் ஒரு தனியார் கூடார இடத்துக்கு மாறினோம். 20 டாலர். வழியில் ஒரு தகரக் கொட்டகையில் ஓர் அம்மா பச்சை மிளகாய்ச் சாற்றில் ஊறிய எஞ்சிலாடா (மெக்சிகோக்காரர்களின் ரொட்டிச் சுருள்) கொடுத்தார். நாக்கு செத்துப்போயிருந்த எனக்கு அது அமிர்தம். மூன்று தட்டு சாப்பிட்டேன். இந்தப் பயணத்தில் கொடுத்த காசு செரித்தது அங்கே மட்டும்தான்.

கூடாரக்காரப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் பீர் கேனைக் கீழே வைக்காமலே, "குழாயடியில் கிடக்கும். செருப்போடு போகாதீங்க" என்றார்.

குழாயடியில்தான் கிடந்தது.

காட்டன்வுட் மரத்தின் காய்ந்த இலைகள், சொட்டுகிற குழாய், ஈர மண். நான் அதை இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன்! கார்த்திதான் சட்டையைப் பிடித்து இழுத்தான்: "மச்சி, அசையாத. உன் வலது கால்." இரண்டடி நீளம்கூட இருக்காது. காய்ந்த இலை நிறம், செங்கல் நிறம், மறுபடி இலை நிறம். டார்ச்சை ஒரு முழம் நகர்த்தினால் பாம்பு காணாமல் போகும். திருப்பினால் அங்கேயே இருக்கும். ஓடவில்லை, வாலை ஆட்டவில்லை. தன் உடம்பை அவ்வளவு நம்புகிற பிராணி.

100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ். ஃபிளாஷ் மேல் வெள்ளைப் பால் கேனை வெட்டிக் கட்டியிருந்தேன். வெளிச்சத்தை மென்மையாக்கக் கடையில் விற்கும் டிஃப்யூசர் கொள்ளை விலை. மண்ணில் முழங்கையூன்றி, ஒன்றரை மீட்டர் தள்ளிப் படுத்தேன். இதன் கடியில் சாவது அபூர்வம். ஆனால் இந்த நாட்டில் விஷமுறிவு மருந்து ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான டாலர். உயிர் போகாது, வீடு போகும். நாற்பது படம் எடுத்தேன். கண் கூர்மையாக வந்தவை ஆறு. அதிலும் நான்கில் ஒரு இலை மூக்கை மறைக்கிறது. இலையை எடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. எடுக்கவில்லை.

கார்த்தி கொக்கியோடு வந்தான். "லேசா தூக்கிக் காட்டறேன்டா, வயிறு தெரியும்." அதற்காகத்தானே 450 மைல்? வேண்டாம் என்றேன். அவனுக்கு இன்னும் கோபம். வரும் வழியெல்லாம் பேசவில்லை, பெட்ரோலுக்கு மட்டும் வாய் திறந்தான்.

அரை மணி நேரம் கழித்து அது தானாகவே நாணலுக்குள் போயிற்று. வயிறு தரையோடுதான் போயிற்று.