300 கிலோடால்டன் ஏற்பியும் அதற்கேற்ற ஆன்டிபாடியும்: ஆய்வுக்கூட நாட்குறிப்பு, சிங்கப்பூர்

மார்ச் 18, 2025

ஆன்டிபாடியை (ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் புரதம்) ஆர்டர் போடும் முன் ஏற்பியின் பெயரைச் சரிபாருங்கள். மேனோஸ்-6-பாஸ்பேட் ஏற்பி என்று இரண்டு புரதங்கள் உண்டு. பெரியது சுமார் 300 கிலோடால்டன் (புரத எடையின் அலகு), ஜீன் ஐஜிஎஃப்2ஆர். சிறியது சுமார் 46 கிலோடால்டன், எம்6பிஆர் என்ற ஜீன் பெயர் இதற்குத்தான். கேட்டலாகில் ‘எம்6பிஆர்’ என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். ஜீன் பெயரையும் எடையையும் பார்க்காமல் வாங்கினால் பணம் போனதுதான்.

செல்லுக்குள் புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கியில் மேனோஸ்-6-பாஸ்பேட் அடையாளம் ஏறிய நொதிகளை இரண்டுமே பிடித்து, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்கு அனுப்புகின்றன. வழியில் உள்ள எண்டோசோம் என்ற பையின் அமிலத்தில் நொதியை விட்டுவிட்டு ஏற்பி கோல்கிக்குத் திரும்புகிறது. செல்லுக்கு வெளியே கிடக்கும் நொதியை உள்ளே இழுப்பது பெரிய ஏற்பிதான். போம்பே (Pompe) என்ற பரம்பரைத் தசை நோய்க்கு ஊசியில் ஏற்றும் நொதி தசைக்குள் நுழைவதும் இதன் வழியாகத்தான். இந்தக் குறிப்புகள் பெரியதைப் பற்றியவை.

மார்ச் 20

தரவுத்தாளில் முதலில் தேட வேண்டியது, ஆன்டிபாடி ஏற்பியின் எந்த முனையைப் பிடிக்கிறது என்பது. ஏற்பியின் பெரும்பகுதி, 15 அடுக்குகளாக, சவ்வுக்கு வெளிப்புறம் இருக்கிறது. செல்லின் உள்ளே, சைட்டோபிளாசத்தில் நீட்டியிருப்பது சிறு வால் மட்டுமே. வாலைப் பிடிக்கும் ஆன்டிபாடியை உயிருள்ள செல்லின் மேல் ஊற்றினால் எதுவும் ஒட்டாது. செல் மேற்பரப்பை அளக்க வெளிப்பகுதியைப் பிடிப்பதுதான் வேண்டும். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்து ஆன்டிபாடியால் பட்டையாகக் காணும் முறை) எதுவானாலும் சரி, நாக்அவுட் செல்லில் (அந்த ஜீனை நீக்கிய செல்) பட்டை மறைவதைக் காட்டியிருந்தால் போதும். அந்தப் படம் இல்லாத தயாரிப்பை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

மார்ச் 31 திங்கள், நோன்புப் பெருநாள் விடுமுறை. வெள்ளி மாலை சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் பெட்டி செவ்வாய் வரை கிடங்கில் கிடக்கலாம், ஐஸ் பேக் அவ்வளவு நேரம் தாங்காது. புதன்கிழமைக்குள் கைக்கு வரும்படி தேதி கேட்டு வாங்குங்கள்.

மார்ச் 25

குப்பி வந்ததும் திறக்கக் கூடாது. மூடியில் ஒட்டிய துளி இறங்க சில விநாடிகள் சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும். 50% கிளிசரால் இருந்தால் மைனஸ் 20-இல் உறையாது, அப்படியே வைக்கலாம். இல்லையென்றால் 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து உறைய வைத்து, எடுத்ததை மறுபடி உறைய வைக்காமல் தீர்த்துவிடுங்கள். குளிர்ந்த குப்பியை நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் உள்சுவரில் நீர் படிந்து கரைசல் நீர்த்துப்போகும்.

மார்ச் 27

வெஸ்டர்ன் பிளாட். பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான், காரணம் புரதத்தின் அளவு.

மாதிரியைக் கொதிக்க விடாதீர்கள். 95 டிகிரியில் சவ்வுப் புரதங்கள் திரண்டு, மாதிரியை ஊற்றும் ஜெல் குழியான கிணற்றிலேயே தங்கிவிடும். 70 டிகிரியில் 10 நிமிடம் போதும். ஹீலா செல்லானால் கிணற்றுக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம். 3–8% டிரிஸ்-அசிடேட் ஜெல் எடுங்கள். 10% ஜெல்லில் பட்டை மேல் விளிம்போடு ஒட்டிக்கொண்டு எதையும் சொல்லாது. சாதாரண மார்க்கர் (எடை காட்டும் புரதக் கலவை) 250-இல் நின்றுவிடும், 460 வரை போகிறதை வாங்குங்கள். அளவு ஒப்பிட வழக்கமாக எடுக்கும் சிறிய புரதமான ஆக்டின் இந்த ஜெல்லில் கீழே ஓடிப்போய்விடும். அதற்குப் பதிலாகப் பெரிய புரதமான வின்குலின் பொருத்தம்.

டிரான்ஸ்ஃபர் (ஜெல்லிலிருந்து புரதத்தைச் சவ்வுத்தாளுக்கு மாற்றுவது) ஈரமுறையில்தான். அரை ஈரமுறையில் 20 நிமிடத்தில் முடித்தால் பாதிப் புரதம் ஜெல்லிலேயே இருக்கும். ஜெல்லைக் கூமாசி என்ற புரதச் சாயத்தில் நனைத்தால் தெரிந்துவிடும். டிரான்ஸ்ஃபர் பஃபருக்கு 25 மில்லிமோலார் டிரிஸ், 192 மில்லிமோலார் கிளைசின், மெத்தனால் 10% மட்டும், எஸ்டிஎஸ் 0.05%. மெத்தனால் கூடினால் ஜெல் சுருங்கிப் பெரிய புரதத்தை விடாது. பிவிடிஎஃப் சவ்வில், 30 வோல்டில் இரவு முழுக்க, குளிர் அறையில். இரவில் ஏர்கான் நிற்கும் கட்டடத்தில் மேசையில் விட்டால் பஃபர் சூடாகிவிடும்.

மார்ச் 28

பிரைமரியை (ஏற்பியை நேரடியாகப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி) 1:1000 நீர்ப்பில் தொடங்கலாம். ஒரே மாதிரியை டிடிடி (டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் பொருள்) போட்டும் போடாமலும் ஓட்டிப் பாருங்கள். வெளிப்பகுதி முழுக்க டைசல்ஃபைடு பிணைப்புகள். அவை உடைந்தால் புரதம் விரிந்து மெதுவாக ஓடும், உடையாவிட்டால் 220 பக்கம் கீழே இறங்கி நிற்கும். இரண்டும் ஒரே ஏற்பிதான். சில மோனோகுளோனல் ஆன்டிபாடிகள் (ஒரே இடத்தை மட்டும் பிடிப்பவை) மடிப்புக் குலையாத வடிவத்தை மட்டுமே பிடிக்கும். டிடிடி போட்ட பாதையில் வெறுமையும் போடாத பாதையில் பட்டையும் வந்தால் ஆன்டிபாடியைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு மாதிரிக்கும் நடுவே ஒரு கிணற்றைக் காலியாக விடவேண்டும், டிடிடி பக்கத்துக்குப் பரவும்.

ஒரு ஜீனின் புரத உற்பத்தியைக் குறைக்கும் எஸ்ஐஆர்என்ஏ-வை ஒப்பீட்டுக்கு எடுத்தால் 72 மணி நேரம் கொடுங்கள். ஏற்பிக்கு ஆயுள் அதிகம், ஒரு நாளில் பட்டை குறையாது.

ஏப்ரல் 2

ஒளிர்சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம், பிறகு ஆன்டிபாடி உள்ளே போகச் சவ்வில் துளை போடும் 0.1% சப்போனின். சப்போனின் போட்ட துளை தானாக மூடிக்கொள்ளும், ஆகவே கழுவும் பஃபர் உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் அது இருக்க வேண்டும். சரியான படத்தில் நியூக்ளியஸுக்கு ஒருபுறம் கோல்கியின் அடையாளப் புரதமான டிஜிஎன்46-ஐ ஒட்டி அடர்த்தியாகவும், சுற்றிலும் சிறு புள்ளிகளாகவும் தெரியும். முதிர்ந்த லைசோசோமில் இந்த ஏற்பி அநேகமாக இருக்காது. எல்லாப் புள்ளியும் லைசோசோமின் அடையாளப் புரதமான லாம்ப்1-ஓடு பொருந்தினால் சாயம் ஒரு சானலிலிருந்து மற்றதில் கசிகிறதா, இரண்டு பிரைமரியும் எலியிலிருந்து வந்தவையா என்று பாருங்கள். எண்டோசோமிலிருந்து புரதங்களைத் திருப்பி அனுப்ப உதவும் விபிஎஸ்35-ஐக் குறைத்த செல்லில் கோல்கி அடர்த்தி கலைந்து புள்ளிகள் சிதறலாம், ஆனால் எல்லா ஆய்வுகளிலும் அப்படி வரவில்லை. ஆன்டிபாடியைச் சோதிக்க அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஏப்ரல் 4

மேற்பரப்பை அளக்க, செல்லை ஐஸில் வைத்தே ஆன்டிபாடி போடுங்கள். அறை வெப்பத்தில் சில நிமிடத்திலேயே ஏற்பி ஆன்டிபாடியோடு உள்ளே போய்விடும். மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மேற்பரப்பில் இருக்கும், மங்கலாகத் தெரிவது இயல்பு.

வளர்ப்புத் திரவத்தில் உதிர்ந்த ஏற்பியைத் தேடுவோருக்கு: கன்றுக்குட்டி சீரத்திலேயே கரைந்த ஏற்பி இருக்கிறது. மாட்டுப் புரதத்தையும் பிடிக்கும் ஆன்டிபாடியானால் செல்லே இல்லாத திரவத்திலும் பட்டை வரும். சீரம் இல்லாத திரவத்துக்கு மாற்றிச் சேகரியுங்கள், செல் போடாத கிணற்றின் திரவத்தையும் அதே ஜெல்லில் ஓட்டுங்கள்.