அப்பாவின் ஓவியத்தை விற்றபோது நேர்ந்த அலைச்சல்

ஏற்காட்டில் காப்பித் தோட்ட மேலாளராக இருந்த என் தந்தை, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற ஓர் ஓவியரிடம் நேரடியாக வாங்கிய எண்ணெய் வண்ண ஓவியத்தைச் சென்ற மாதம் விற்று முடித்தோம். வாங்குபவர் எளிதாகவே கிடைத்தார். ஓவியம் எங்களுடையது என்பதைக் காகிதத்தில் காட்டுவதும், எதை விற்கிறோம், எதை விற்கவில்லை என்பதை அவருக்குப் புரியவைப்பதும்தான் எங்களை அலைக்கழித்தன.

தந்தை உயில் எழுதவில்லை. ஆகவே அம்மா, தங்கை, நான் ஆகிய மூவருக்கும் சம பங்கு என்பதால், இ-சேவை மையத்தின் வழியாக வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்த எழுத்தர், "வீடு, நிலம் எதுவும் இல்லாமல் ஒரு படத்துக்கா வாரிசுச் சான்று?" என்று கேட்டு மனுவை ஓரமாக வைத்துவிட்டார். இறந்தவரின் வாரிசுகள் யார் யார் என்பதைச் சொல்வதே அந்தச் சான்றின் வேலை. எந்தச் சொத்துக்காகக் கேட்கிறோம் என்பது அதில் வருவதே இல்லை. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு, இறப்புச் சான்றில் தந்தைக்கு ஒரு இனிஷியலும் ஆதாரில் இரண்டும் இருப்பதைக் காட்டி மனுவைத் திருப்பிவிட்டார்கள். உங்கள் வீட்டு ஆவணங்களிலும் இப்படி வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி கையொப்பத்துடன் முதலிலேயே இணைத்துவிடுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் தங்கையின் ஒப்புதல் கடிதம், அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றுடன் சிக்கலின்றி வந்து சேர்ந்தது.

வீட்டுச் சாமானை விற்றால் வரி கிடையாது என்று உறவினர்கள் பலரும் உறுதியாகச் சொன்னார்கள். ஓவியத்துக்கு அந்தச் சலுகை 2008 ஏப்ரலிலேயே போய்விட்டது என்று ஆடிட்டர் விளக்கினார். பரம்பரையாகக் கிடைப்பதற்கு வரி இல்லை. விற்கும்போதுதான், அடக்க விலைக்கு மேல் கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி வருகிறது. தந்தை வைத்திருந்த காலமும் நம் கணக்கில் சேரும் என்பதால் இது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு 12.5 சதவீதம். தந்தை கொடுத்த விலையே நமக்கும் அடக்க விலை. ஆனால் 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய பொருளென்றால், அன்றைய சந்தை மதிப்பை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மதிப்பை வாங்கப் போய்த்தான் பணமும் நாளும் வீணாயின. சேலத்தில் ஒரு மதிப்பீட்டாளர், எதையும் மதிப்பிடத் தமக்கு அங்கீகாரம் உண்டு என்று சொல்லிக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, துணியின் நீள அகலத்தையும் சட்டத்தின் தேக்கு மரத்தையும் கணக்கிட்டு ஓர் அறிக்கை தந்தார். அவர் நிலம், கட்டடத்துக்கு மட்டுமே பதிவு பெற்றவர். கலைப் பொருட்களுக்கான பதிவு தனிப் பிரிவு. ஆடிட்டர் அந்த அறிக்கையைத் தொடவே மறுத்துவிட்டார். கட்டணம் கொடுக்கும் முன் பதிவுச் சான்றில் எந்தப் பிரிவு என்று பார்த்துவிடுங்கள்.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்ச் சந்தித்த, கலைப் பொருட்களுக்கென்றே பதிவு பெற்ற மதிப்பீட்டாளர், 2001-க்கு முன் ஓவியம் எங்களிடம் இருந்ததற்குச் சான்று கேட்டார். ரசீது எங்கும் கிடைக்கவில்லை. தங்கையின் மஞ்சள் நீராட்டு விழா ஆல்பத்தில், அவள் அமர்ந்திருக்கும் நாற்காலிக்குப் பின்னால் அதே ஓவியம் முழுதாகத் தெரிந்தது. படத்தின் பின்புறம் ஸ்டூடியோ முத்திரையும் 1994 என்ற ஆண்டும் இருந்தன. அவர் அதை ஏற்றுக்கொண்டபோது அம்மாவுக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

வாங்குபவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் "அனைத்து உரிமைகளுடனும்" என்று ஒரு வரி இருந்தது. அதை நீக்கும் வரை நான் கையெழுத்துப் போடவில்லை. ஓவியம் எங்களுடையது, பதிப்புரிமை, எழுதிக் கொடுக்கப்படாதவரை, ஓவியருக்கும் அவர் இறந்தபின் 60 ஆண்டுகள் வரை அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. காலண்டரில் அச்சிட நாம் அனுமதி எழுதிக் கொடுத்தால், நம்மிடம் இல்லாததை விற்றவர்களாகிவிடுவோம். பாதித் தொகையை ரொக்கமாகத் தருவதாகவும் அவர் சொன்னார். ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்கு நிகரான அபராதம் பெற்றவர் தலையில்தான் விழும் என்பதால் அதையும் மறுத்துவிட்டேன்.

பலர் அறியாத இன்னொன்று, பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், பதிப்புரிமைக் காலம் முடியும் வரை, பதிப்புரிமையின் முதல் உரிமையாளராக இருந்த ஓவியரோ அவருடைய வாரிசுகளோ விலையில் பங்கு கேட்கலாம். அந்தப் பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. "யாரும் கேட்பதில்லை, விட்டுவிடுங்கள்" என்றார் இடைத்தரகர். எங்கள் தோட்டத்து விருந்தினர் அறையில் தங்கி வரைந்தவரின் குடும்பத்துக்கு அது சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. அவருடைய மகளிடம் பேசி ஐந்து சதவீதம் என்று எழுத்தில் முடித்து, வங்கி வழியாக அனுப்பினோம்.

ஏற்காட்டு ஏரியை வரைந்த பழைய நீர்வண்ணப் படம் ஒன்றைத் தங்கை சிங்கப்பூருக்குக் கொண்டுபோக விரும்பினாள். நூறு ஆண்டுகளைக் கடந்த ஓவியம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் என்பதால், தனியார் எவரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய் போன்றோரின் படைப்புகளுக்கு நூறு ஆண்டு ஆகாவிட்டாலும் இதே தடை உண்டு. இதையும் சேர்த்து வாங்கிக்கொள்வதாகச் சொன்ன இடைத்தரகரிடம் தொல்பொருள் வணிகத்துக்கான உரிமம் இல்லை. கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார். படம் சேலத்தில் அம்மாவிடமே இருக்கிறது. புகைப்படங்களுடன் அதைப் பதிவு செய்வதற்கான விண்ணப்பத்தை இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.